போ என்றால் இரு

கீழவடபாதி,
அம்மாப்பேட்டை வழி,
தஞ்சாவூர் மாவட்டம்.
26.1.2025

அன்புத் தம்பி பரிதிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இருக்கிறோம். உனக்கு உடம்பு எப்படி? டென்மார்க்கில் பனி கொட்டுகிறது என்று டிவியில் காட்டினார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

பொங்கலன்று போனில் பேசியதை நினைத்தால் இன்னும் படபடப்பாக இருக்கிறது. "நீ ஊர்லயே இருக்க, உனக்கு என்னக்கா கஷ்டம்?" என்று கேட்டாய். பதிலுக்கு நான் சொன்னதை இங்கே எழுத விருப்பமில்லை. போனை எடுத்தாலே ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டுகிறோம். பக்கத்தில் அப்பா உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் கொஞ்ச நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று தோன்றியது. எழுத்தில் குறுக்கே பேச முடியாது.

அப்பாவுக்கு ஐப்பசியில் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை முழுசாக எழும்பவில்லை. இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டார். ஊட்டப் போனால் முறைக்கிறார். என் கவலை வேறு. வயலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டால் அழுதுவிடுவோம் என்று அடக்கிக்கொள்கிறார் போலிருக்கிறது. அதனால் நானாகவே தினமும் வந்து தண்ணீர் வந்தது, பூச்சி விழுந்தது என்று சொல்கிறேன். தலையை ஆட்டிக்கொள்வார்.

சம்பா அறுப்பு முடிந்தது. ஈர வயலில் மெஷின் இரண்டு தடவை புதைந்தது. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்திருக்கிறேன், ஈரப்பதம் கூட என்கிறார்கள். காலையில் போய்ப் பரப்பிவிட்டு அங்கன்வாடிக்கு ஓடுகிறேன். பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் திரும்பப் போய்க் குவித்துத் தார்ப்பாய் போடுகிறேன்.

நீ ஏன் வீடியோவில் வருவதில்லை? பண்ணையில் மேற்பார்வை பார்க்கிற மாதிரி ஒரு போட்டோவாவது அனுப்பச் சொல் என்று அப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு. பதிலை நிதானமாக எழுது.

அக்கா,
எழில்மொழி


வீபோர் அருகே,
டென்மார்க்.
16.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பதினேழு நாளில் வந்து சேர்ந்தது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது, கேட்கிறேன்.

பொங்கலன்று நான் பேசியது தப்பு. அன்று காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தேன், அசதி. ஆனால் அதைக் காரணமாகச் சொல்ல மாட்டேன்.

இங்கே டேனிஷ் மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்பதென்றால் தேர்வு எழுத வேண்டும். முதல் பாடம், 'நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள்?' குடியிருப்பதற்கு இவர்கள் சொல்லும் சொல் என்ன தெரியுமா? 'போ'. ஆசிரியை சொன்னபோது அப்படியே நம் 'போ' மாதிரிதான் கேட்டது. வகுப்பில் நான் மட்டும் சிரித்துவிட்டேன். ஏன் என்று கேட்டார். "எங்கள் மொழியில் இது கிளம்பச் சொல்வது" என்றேன். பக்கத்திலிருந்த உக்ரைன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆக, இந்த ஊரில் போ என்றால் இரு.

அதோடு விடவில்லை. விவசாயிக்கு இவர்கள் சொல்லும் சொல்லை எழுத்துக்கூட்டினால் 'போண்டெ' என்று வரும். வாயில் சொல்லும்போது நடுவில் ஓர் எழுத்தை விழுங்கி, ஏறக்குறைய 'பொன்ன' என்பார்கள். (அப்பாவிடம் போண்டா என்று சொல்லிவிடாதே.) வெள்ளிக்கிழமை நூலகத்தில் அகராதியை எடுத்துப் பார்த்தேன். ஆயிரம் வருடத்துக்கு முன் இந்தப் பக்கத்து மக்கள் பேசிய பழைய மொழியில் 'பூவா' என்றால் குடியிருப்பது. 'பூவாந்தி' என்றால் குடியிருக்கிறவன். அதுதான் தேய்ந்து போண்டெ ஆகியிருக்கிறது. உழுகிறவன் என்றோ விதைக்கிறவன் என்றோ அந்தச் சொல்லில் எதுவும் இல்லை. ஓரிடத்தில் இருக்கிறவன், அவ்வளவுதான்.

நம் குடியானவனும் அதேதானே, அக்கா? குடி, குடியிருப்பு, குடியானவன். இரண்டு மொழிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இருந்தும் அங்கேயும் இங்கேயும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பு. அப்பாவிடம் படித்துக் காட்டு.

போட்டோ பிறகு அனுப்புகிறேன். அப்பாவின் கையைப் பிடித்துவிடும்போது மெதுவாகப் பிடி.

உன் தம்பி,
பரிதி


கீழவடபாதி.
9.3.2025

அன்புத் தம்பி பரிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் உடம்புக்கு ஒன்றுமில்லை என்பதில் நிம்மதி. அப்பா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார். எனக்கு வெயிலில் நெல்லைக் கிளறிக் கிளறி முழங்கை பிடித்துக்கொண்டது, மற்றபடி நலம்.

உன் சொல்லை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். போண்டா என்றே சொல்லிவிட்டேன், சிரித்தார். குடியானவன் வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரு, நம்மளயா சொல்றான்?" என்றார்.

"விவசாயம் பண்றவங்களப் பொதுவாச் சொல்றாம்பா."

"குடியானத் தெரு எங்க இருக்கு, நம்ம தெரு எங்க இருக்கு? அவனுக்கு மறந்துபோச்சா?"

உனக்கு மறந்திருக்காது. தாத்தா பண்ணையாள். பண்ணை மாட்டுக் கொட்டகையிலேயே படுத்து எழுந்தவர். உச்சவரம்புச் சட்டத்தில் அவர் கைக்கு வந்ததுதான் இந்த ஒரு ஏக்கர் இருபது சென்ட். அப்பா நாற்பது வருடம் அதை உழுதார். இருந்தும் வாய்க்கால் தண்ணீருக்கு முறை எழுதும் நோட்டில் 'காலனி செல்லதுரை' என்றுதான் இன்றைக்கும் எழுதுகிறார்கள். உன் அகராதியில் போட்டிருப்பது சரியாகத்தான் இருக்கும். எத்தனை தலைமுறையாக இங்கேயே இருந்தாலும் இருக்கிறவர்கள் என்ற பெயரை நமக்கு யாரும் வைக்கவில்லை, அவ்வளவுதான். படித்துக் காட்டச் சொன்னாய், நடந்ததை எழுதிவிட்டேன். கோபப்படாதே.

நெல் ஒருவழியாகப் பதினோராம் நாள் எடைக்குப் போனது.

போன மாதம் இரண்டு நாள் ஊரை விட்டு வெளியே போய்வந்தேன். என் அங்கன்வாடியில் உதவியாளராக இருக்கிற பர்வினுக்குச் சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம் தோப்புத்துறை. அவள் தங்கை கல்யாணம். நம் தெரு ரெங்கம்மாள் சின்னம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டார். பந்தி நடக்கும்போது கரண்ட் போய்விட்டது. அன்பரசன் என்று ஒரு லைன்மேன் வந்து சரிசெய்தார். அவரையும் உட்கார்த்திச் சாப்பிட வைத்தார்கள். மறுநாள் எல்லாரும் உப்பளம் பார்க்கப் போனோம்.

ஆகஸ்டில் உனக்கு லீவு கிடைக்குமா? உன்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். எனக்கு அதை எழுத வராது, நேரில் பேசினால்தான் முடியும்.

தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா?

அக்கா,
எழில்


வீபோர் அருகே.
6.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். முழங்கைக்கு வெந்நீர் ஒற்றடம் கொடு.

அப்பா சொன்னது சுருக்கென்று தைத்தது. நான் அதை யோசித்திருக்க வேண்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன், ஊர் எப்படிக் கூப்பிட்டால் என்ன? சொல்லின் அடியில் இருக்கும் அர்த்தத்தைப் பார்த்தால் அதற்கு முழு உரிமை நமக்குத்தான். குறிப்பாக உனக்கு. நான் கிளம்பி வந்துவிட்டேன். அப்பாவால் முடியவில்லை. நீதான் இருக்கிறாய். அந்தப் பழைய சொல்லுக்குத் தயார்செய்வது, ஒழுங்குபண்ணுவது என்றும் ஓர் அர்த்தம் உண்டாம். நாற்று விட்டு, வரப்பு வெட்டி, அப்பாவுக்குக் கஞ்சி வைத்து, அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு முட்டை அவித்து, நீ செய்வதெல்லாம் அதுதானே? போண்டெ என்ற சொல்லை உனக்காகவே செய்ததுபோல் இருக்கிறது. நான் வகுப்பில் எழுந்து உன்னைப் பற்றித் தட்டுத்தடுமாறி நான்கு வாக்கியம் சொன்னேன். "என் அக்கா இருக்கிறவள்" என்று முடித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஆகஸ்டில் வர முடியாது, அக்கா. அனுமதியைப் புதுப்பிக்கும் நேரம். இன்னும் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டால் நிரந்தரமாகிவிடும். நீ அங்கே இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் நான் இங்கே இருக்க முடிகிறது.

வெயில் காலம். மோர் குடி. அப்பாவுக்கு என் அன்பைச் சொல்.

தம்பி,
பரிதி


கீழவடபாதி.
8.6.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் சித்திரையிலேயே கிடைத்துவிட்டது. பதில் எழுத நேரம் கூடவில்லை.

அப்பா கொல்லைப்புறத்தில் ஒரு தடவை வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை. மேட்டூர் பன்னிரண்டாம் தேதி திறக்கிறார்கள். குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறேன். அங்கன்வாடிக்கு லீவு முடிந்து பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

நான் நலம்.

எழில்மொழி


வீபோர் அருகே.
29.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்கு இப்போது வலி இருக்கிறதா? உனக்கு என்ன ஆயிற்று?

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். எட்டு வரி. எண்ணெய் வைக்கிறாயா என்று கேட்கவில்லை. கடைசியில் 'அக்கா' என்று போடவில்லை. நான் ஏதோ தப்பாக எழுதிவிட்டேன் என்று மட்டும் தெரிகிறது. என் பழைய கடிதத்தின் நகல் என்னிடம் இல்லை, என்ன எழுதினேன் என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். உன்னைப் பெருமையாக எழுதியதுதான் நினைவுக்கு வருகிறது.

மார்ச் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஒரு விஷயம் பேச வேண்டும் என்று எழுதியிருந்தாய். நான் லீவு இல்லை என்று சொல்லிவிட்டு, என்ன விஷயம் என்று கேட்காமலே விட்டிருக்கிறேன். இப்போது கேட்கிறேன். என்னக்கா அது? எழுத வராவிட்டாலும் எழுது.

எங்கள் சாலை முனையில் இருந்த சிவப்புத் தபால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த வருடக் கடைசியோடு இங்கே வழக்கமான தபாலையே நிறுத்தப் போகிறார்களாம். இதை டவுனில் ஒரு கடைக்குப் போய்க் கொடுக்க வேண்டும். தாமதமானால் அதனால்தான் என்று எடுத்துக்கொள்.

பரிதி


கீழவடபாதி.
20.7.2025

தம்பி பரிதிக்கு,

அப்பாவுக்கு வலி போய்விட்டது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். நீ கேட்டதால் எழுதுகிறேன்.

கல்யாண வீட்டில் கரண்ட் சரிசெய்தார் என்று எழுதினேனே, அன்பரசன், அவர் பர்வின் மூலமாக என்னைக் கேட்டார். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். உப்பளத்துக்குப் போன அன்று, வெள்ளை வெயிலில் கண்ணைத் திறக்க முடியாமல் நான் நின்றபோது, தன் தலையிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். எனக்கு அப்படி யாரும் நீட்டியதில்லை.

எனக்கு நாற்பது நடக்கிறது, பரிதி. முப்பதில் இரண்டு இடம் வந்தது. அம்மா படுக்கையில் கிடந்தார், தள்ளிப்போட்டோம். பிறகு உன் படிப்பு. பிறகு உன் பயணம். யாரும் என்னைத் தடுக்கவில்லை, நானாகத்தான் ஒவ்வொரு தடவையும் அப்புறம் பார்க்கலாம் என்றேன். இந்த முறை அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "தம்பிய ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்று பர்வினிடம் சொன்னேன். நீ ஆகஸ்டில் வந்தால் அப்பாவை என்ன செய்வது, நிலத்தை என்ன செய்வது என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாம் என்று இருந்தேன்.

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. அங்கன்வாடியில் முட்டை உரித்துக்கொண்டே படித்தேன். பர்வின் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி எழுதியிருக்கான்?" என்றாள்.

"எனக்கு ஒரு பேரு வச்சிருக்கான்."

"நல்ல பேரா?"

"ரொம்ப நல்ல பேரு" என்றேன். மறுநாள், வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னேன்.

உன்மேல் குற்றம் சொல்லவில்லை. உனக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் நீ ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடித்து, துடைத்துப் பளபளப்பாக்கி, அதை வைத்து என்னை இங்கே கட்டிப்போட்டுவிட்டாய். நான் இருக்கிறவள் இல்லை. கிளம்ப முடியாதவள். இரண்டும் ஒன்றல்ல என்று உன் அகராதியில் போட்டிருக்காது. அந்த ஊரில் போ என்றால் இரு என்று எழுதினாய். என்னிடம் யாராவது அதை நம் ஊர் அர்த்தத்தில் ஒரே ஒரு தடவை சொல்ல மாட்டார்களா என்று இருக்கிறது.

எல்லாம் முடிந்துபோன விஷயம். சித்திரையோடு போயிற்று. இதற்குப் பதில் எழுத வேண்டாம். அசதியாக இருக்கிறது, இத்துடன் நிறுத்துகிறேன்.

அக்கா,
எழில்


வீபோர் அருகே.
10.8.2025

அக்காவுக்கு,

பதில் வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ நலமா என்று இதுவரை கடிதத்துக்குக் கடிதம் கேட்டேன், ஒரு தடவைகூடப் பதிலுக்காகக் கேட்கவில்லை போலிருக்கிறது.

நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். நான் இங்கே மேற்பார்வையாளன் இல்லை. பன்றிப் பண்ணையில் வேலையாள். வந்த நாளிலிருந்து அதே வேலைதான். கொட்டகை கழுவுவது, குட்டிகளுக்கு ஊசி போடுவது, செத்துக் கிடப்பதை இழுத்து வெளியே வைப்பது. எத்தனை சோப்புப் போட்டாலும் வாசம் போகாது. வகுப்புக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். வீடியோவில் வந்தால் கொட்டகை உடுப்பும் முகமும் தெரிந்துவிடும் என்றுதான் வரவில்லை. அக்ரி படித்த பையன் வெளிநாட்டில் பெரிய வேலையில் இருக்கிறான் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தார்.

இங்கே போண்டெ என்றால் என் முதலாளிதான். அவர் தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து அதே வீட்டில் இருக்கிறார்கள். நம் தாத்தா கொட்டகையில் எழுந்த மாதிரி நானும் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் எழுந்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் எனக்கு இடமில்லை என்று அகராதியைப் பார்த்த அன்றே தெரியும். அதைச் சொல்ல முடியாமல்தான் உன்னைத் தூக்கி அதில் உட்கார வைத்தேன். நம் வீட்டில் ஒருவராவது அதில் இருக்கட்டும் என்று நினைத்தேன். அது உனக்கு எப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை.

அக்டோபரோடு வேலையை விட்டுவிட்டு வருகிறேன். அப்பாவையும் நிலத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ பர்வின் அக்காவிடம் சொல்லி அனுப்பு. இந்தக் கடிதத்தை அப்பாவிடம் கொடு, அவரே படிக்கட்டும்.

பரிதி


கீழவடபாதி.
3.9.2025

மகன் பரிதிக்கு அப்பா செல்லதுரை எழுதுவது.

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியதுபோல் இருக்கும், பொறுத்துப் படி. இதை எழுத ஆறு நாள் ஆயிற்று. எனக்கு உடம்பு தேவலை. நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

பன்றி கழுவுவதில் கேவலம் ஒன்றுமில்லை. நான் அள்ளாத சாணியா? ஆனால் நீ மேற்பார்வையாளன் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். இனி ஒவ்வொருத்தரிடமாகப் போய் மாற்றிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

நிலத்தை யார் பார்ப்பது என்று நீங்கள் இருவரும் எழுதிக்கொள்கிறீர்கள். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. கை விழுந்து ஆஸ்பத்திரியில் படுத்தேனே, அன்றைக்கு எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? நாளைக்கு வயலுக்குப் போக வேண்டாம் என்பதுதான். வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. எழில் தினமும் வந்து நாற்று, களை, எலி என்று சொல்லுவாள். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம் போல என்று தலையை ஆட்டுவேன். உள்ளுக்குள் எப்போது நிறுத்துவாள் என்று இருக்கும். உன் அம்மா ராசம்மாள் இருந்தவரை அந்தச் சேற்றில் ஒரு பேச்சுத்துணை இருந்தது. அவள் போன பிறகு சேறு மட்டும்தான் இருந்தது. உங்கள் தாத்தா கண்ணீர்விட்டு வாங்கின நிலம், பிள்ளைகள் வருத்தப்படுவார்கள் என்று இழுத்துக்கொண்டு கிடந்தேன்.

உன் கடிதம் படித்ததும் பர்வினைக் கூப்பிட்டு எல்லாம் கேட்டுக்கொண்டேன். மறுநாள் எழில் அங்கன்வாடிக்குப் போனதும் கிளம்பினேன். வேதாரண்யத்திலிருந்து மீன் கொண்டுவருகிற யூனுஸ் வேன் திரும்பும்போது காலியாகப் போகும். "பாய், என்னையும் ஏத்திக்குங்க" என்றேன். அவருக்குப் பயம். "பெரியவரே, உடம்புக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். முன் சீட்டில் என் இடுப்பைத் துண்டால் கட்டி உட்கார வைத்துக்கொண்டு போனார்.

அந்தப் பிள்ளை அன்பரசன் கரண்ட் கம்பத்தில் ஏறி நின்றது. இறங்கி வரும்வரை அடியில் நின்றேன். "எழிலோட அப்பா" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டது.

"தம்பி, அது வேண்டாம்னு சொன்னது அது மனசுலேந்து வந்ததில்ல. இன்னும் அதே எண்ணத்துல இருக்கீங்களா?"

"வேற எங்கயும் கேக்கலைங்க" என்றது.

"உங்க வீட்ல கூட ஒரு கட்டில் போட எடம் இருக்கா? நானும் வந்துடுவேன்."

"ரெண்டு போடலாம், வாங்க" என்றது.

அவ்வளவுதான் பேச்சு. திரும்பி வந்ததும் எழில், "என்னப்பா ஒரே மீன் வாடை, எங்க போனீங்க?" என்றாள். சொன்னேன். கோபத்தில் ஒரு நாள் என்னோடு பேசவில்லை. மறுநாள் என் தலையைத் துவட்டும்போது அழுதாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

குறுவை அறுத்ததும் நிலத்தை ரெங்கம்மாள் குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறாள். முப்பது வருஷமாக அதில் நடவு நட்டவள். நிலத்துக்காக நீ வேலையை விடாதே.

தகப்பன்,
செல்லதுரை


வேதாரண்யம்.
9.11.2025

அன்புத் தம்பி பரிதிக்கு,

முகவரியைப் பார்த்திருப்பாய். அப்பா சுகமாக இருக்கிறார். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கீழே விவரமாக எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? உண்மையை எழுது.

போன மாதம் பதினேழாம் தேதி பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். பர்வினும் யூனுஸ் அண்ணனும் சாட்சி. அப்பா இடது கையால் மாலை எடுத்துக் கொடுத்தார். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று தெரியும். இருந்தாலும் நீ வராததில் எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பொய். அன்று போனில் பேசினோமே, நாம் சண்டை போடாமல் போனை வைத்து எத்தனை நாளாயிற்று!

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. அங்கன்வாடி வேலைக்கு மாறுதல் எழுதிக் கொடுத்திருக்கிறேன், மாவட்டம் விட்டு மாவட்டம் கிடைப்பது கஷ்டம் என்கிறார்கள். இவருக்கு மழைக்காலம், சாப்பிட உட்கார்ந்தால் எங்கேயோ மரம் விழுந்தது என்று கூப்பிட்டுவிடுகிறார்கள். திரும்பி வரும்வரை நானும் சாப்பிடாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறொருத்தி வைத்துப் புழங்கிய அடுக்களையில் எது எங்கே இருக்கிறது என்று தேடுவதே பெரிய வேலையாக இருக்கிறது. அவள் படத்துக்கு நான்தான் பூ வைக்கிறேன். எனக்கு அது பிடித்திருக்கிறது.

அப்பா இவருடைய பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து உப்பு லாரி எண்ணுகிறார். குறுவை அறுத்த வயலில் தாளடி நட்டாயிற்று, எலி அதிகமாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று ரெங்கம்மாள் சின்னம்மா போன் செய்தார். "உன் வயலு, நீ பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

வந்த புதிதில் நான் மூன்று நாள் தூங்கினேன், பரிதி. எழுந்து சோறு வைப்பேன், திரும்பப் படுத்துவிடுவேன். பகலில் படுத்துத் தூங்கி எனக்குப் பழக்கமே இல்லை. இவர் காய்ச்சல் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா நாடி பார்த்து, கண்ணை விலக்கிப் பார்த்து, "காய்ச்சல் இல்லையே. கடைசியா எப்ப நல்லாத் தூங்கினீங்க?" என்று கேட்டார். யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்கு எந்த வருடமும் நினைவுக்கு வரவில்லை. அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. இவர்தான் கலங்கிப்போய் நின்றார்.

அதிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது. முதல் கடிதத்தில் நீ அசதி என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தாய். நான் அதைக் கேட்காமல் தாண்டிப் போய்விட்டேன். நான்தான் கஷ்டப்படுகிறேன் என்று இருந்தேன்.

லீவு எப்போது கிடைக்கிறதோ அப்போது வா. நிலத்துக்காக வராதே, அப்பாவைப் பார்த்துக்கொள்ள வராதே, என்னிடம் மன்னிப்புக் கேட்கவும் வராதே. சும்மா வா. பின்பக்கத்து அறையில் ஒரு கட்டில் போட்டு வைத்திருக்கிறோம், கடற்காற்று நேராக வரும். வந்து படுத்துத் தூங்கு. எத்தனை நாளானாலும் சரி, யாரையும் உன்னை எழுப்ப விடமாட்டேன்.

அக்கா,
எழில்